மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் நடுவில்

திண்டுக்கல்லில் நாலைந்து வருடம் குடியிருந்த எவரும் அல்போன்சாவின் எழுத்தைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அல்போன்சா யாரென்று கேட்டால் கையை விரிப்பார்கள். மண்டப வாசலில் நிற்கும் கல்யாண பேனர், முச்சந்தியில் கட்டிய காதுகுத்து பேனர், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் படத்துக்குக் கீழே இரண்டு வரி இருக்குமே, அந்த இரண்டு வரி அவளுடையது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் மெஹராஜ் அக்காவின் பிளெக்ஸ் கடை. கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக் கல்யாணம் முடித்து மேட்டுப்பட்டிக்கு வந்த அல்போன்சா, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்தக் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் நாலு வாலிபர்கள் நண்பனின் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க வந்து, என்ன வாசகம் போடுவதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார்கள். அவளாகவே அடித்துக் காட்டினாள்: ‘நேத்து வரைக்கும் எங்க கூட்டத்துக்குத் தலைவன், இனிமே கேட்டுட்டுத்தான் வெளிய வருவான்.’ வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து, “வாசகம் அந்த அக்காவே எழுதட்டும்” என்று கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். காதுகுத்துக்கு ‘காதுல கம்மல் ஏறுது, தாய்மாமன் நடையில கெத்து கூடுது’ என்று எழுதினாள். அஞ்சலிக்கு ‘சோறு போடும் நேரத்தில் இன்னும் உங்கள் தட்டைத் தேடுகிறோம்’ என்று எழுதினாள். கேட்டவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். விரல் தானாக ஓடும்.

அது ஒரு ஆவணி மாதத்தில் நின்றுபோனது.

என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் ஒன்றையும் காட்ட முடியாது. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. கணவர் ராயப்பராஜ் வயரிங் வேலை பார்ப்பவர், குடிப்பழக்கம் கிடையாது. மகள் எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். மாமியார் ஆரோக்கியம்மாள் கொஞ்சம் கறார், அவ்வளவுதான். அப்படியிருக்க ஒரு நாள் காலையில் பீரோவைத் திறந்து எந்தச் சேலை கட்டுவது என்று தெரியாமல் அல்போன்சா அரை மணி நேரம் நின்றாள். இரண்டு வாரம் கழித்து ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்பது நினைவில் நிற்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. விடிந்தால் உடம்பில் அரிசி மூட்டையைக் கட்டியது போல இருந்தது. அழுகையாவது வந்திருந்தால் துக்கம் என்று பெயர் வைத்திருப்பாள். அழுகையும் வரவில்லை.

“என்ன குறை உனக்கு?” என்று ஆரோக்கியம்மாள் கேட்டார். குறை ஒன்றும் இல்லையே என்பதுதான் அல்போன்சாவுக்குப் பெரிய பயமாக இருந்தது. ராயப்பராஜ் ஜெபமாலையை எடுத்துக் கையில் கொடுத்தார். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கும் போய் வந்தார்கள். கடல் காற்றில் ஒரு நாள் நன்றாகத் தூங்கினாள். திரும்பி வந்ததும் பழையபடியே.

கடையில் கைப்பேசியில் கல்யாண ஜோடியின் படம் வரும். பார்ப்பாள். ஒன்றும் தோன்றாது. அதனால் பழைய பேனர்களைத் திறந்து அவற்றின் வரிகளை எடுத்துப் புதிதில் ஒட்டி அனுப்பினாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. “சூப்பர்க்கா” என்று பதில் வந்தது. அந்தப் பாராட்டுத்தான் அவளைக் கூடுதலாக வாட்டியது. தான் இல்லாமலே தன் வேலை நடக்கிறது என்று பட்டது.

ஐப்பசியில் சேவுகம்பட்டியிலிருந்து வேலுசாமி என்பவர் தன் தாயாரின் முதலாமாண்டு நினைவஞ்சலிக்குச் சுவரொட்டி கேட்டிருந்தார். மல்லிகைத் தோட்டக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவரொட்டி தயாராகி, எடுத்துப்போய் ஒட்டியும் விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் ஒரு சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். மேசையில் விரித்து நாலு மூலையிலும் கையை வைத்து அழுத்தினார்.

“ஏம்மா, இதுல எங்காத்தா பேரு எங்க இருக்கு?”

படம் இருந்தது. பிறந்த தேதி, மறைந்த தேதி இருந்தன. இரண்டு வரி வாசகம் இருந்தது. மகன்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், மாமன் மச்சான் பங்காளிகள் என்று முப்பது பேர் பெயர் இருந்தது. இறந்தவர் பெயர் மட்டும் இல்லை.

“யா அல்லா!” என்று மெஹராஜ் அக்கா வாயில் கைவைத்தார்.

அல்போன்சா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகல் எடுக்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாதது அங்கே, முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் வாயிலிருந்து வந்தது.

“அண்ணே, வேணும்னு பண்ணல. எனக்கு என்னமோ ஆயிருச்சு. எழுத்து கண்ணுக்குத் தெரியுது, உள்ள போக மாட்டேங்குது. மண்டைக்குள்ள ஒண்ணுமே ஓடல அண்ணே.”

சத்தம் போடத்தான் வேலுசாமி அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தூக்கம் இருக்கா?”

“இல்லண்ணே.”

“சோறு இறங்குதா?”

“இல்ல.”

“காலையில எந்திரிக்கையில, ஏண்டா விடிஞ்சதுன்னு இருக்குதா?”

அல்போன்சா நிமிர்ந்து பார்த்தாள். இவருக்கு எப்படித் தெரியும்?

“என் தங்கச்சி பொன்னழகுக்கு அச்சு அசலா இதேதாம்மா. மகராசி, வாய் ஓயாம பேசுறவ, சுத்தமாப் பேச்ச நிறுத்திட்டா. நாங்க கோடாங்கிகிட்டப் போனோம், மந்திரிச்சோம், கயிறு கட்டுனோம். ரெண்டு வருசத்த வீணாக்கிப்புட்டோம். அப்பறம் ஒரு நர்சம்மாதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. மனநலத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. சீட்டுப் போட்டு வரிசையில உக்காந்தா பாப்பாக. இன்னைக்கு அவ தோட்டத்துல எனக்கு முன்னாடி நிக்கிறா, பூவெடுக்க.”

மல்லிகைக்கு மொட்டுப்புழு விழுந்த கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். குரலைத் தணிக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நகல் எடுக்க வந்தவர்கள் தங்கள் தாளை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு வந்த இந்த நோயை இத்தனை பேர் காதில் விழுகிறபடி ஒருவர் சொல்லி அல்போன்சா கேட்டதே இல்லை.

எழுந்து போகும்போது வேலுசாமி சுவரொட்டியைச் சுருட்டினார். “விடும்மா. எங்காத்தாவுக்கு யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டாலே பிடிக்காது. அது ஆசப்படியே ஆயிருச்சுன்னு நெனச்சுக்கிறேன். நீ போய்ப் பாரு, நாளத் தள்ளாத.”

அவர் போன பிறகு மெஹராஜ் அக்கா, “நாளைக்கு நீ கடைக்கு வர வேணாம்” என்றார். அல்போன்சா திடுக்கிட்டாள். “வேலைய விட்டு அனுப்பலடி. ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் கூட வரவா?” என்று அக்கா கேட்டார். தனியாகவே போகிறேன் என்றாள்.

வீட்டில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சங்கிலி கட்டியவர்களையும் தலைவிரி கோலமாக நிற்பவர்களையும் எதிர்பார்த்திருந்தாள். இருந்தவர்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சின் மறுகோடியில், தங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பாத்திமா டீச்சரை அல்போன்சா பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். உடனே இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேரும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே இருந்த பெண் மருத்துவர் நிறையக் கேட்கவில்லை, ஆனால் சொன்னதைக் கேட்டார். மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை எழுதினார். அது வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

முதல் வாரம் வாய் வறண்டது. பகலில் தூக்கம் சொக்கியது. இரவில் தூங்கினாள். அது நல்லதுதான். ஆனால் மூன்று வாரமாகியும் வரி வரவில்லை. மாத்திரைதான் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு எண்ணம் விழுந்தது. மனசில் ஒரு ஈரம் இருந்ததால்தானே அஞ்சலிக்கு அப்படி எழுத முடிந்தது, அந்த ஈரத்தையே இந்த மாத்திரை உலர்த்திவிட்டால் என்ன செய்வது? ஆறு நாள் மாத்திரையை நிறுத்தினாள். ஏழாம் நாள் குளியலறையில் வாளி நிரம்பி வழிய, குழாயை மூட வேண்டும் என்று தெரிந்தும் கையைத் தூக்க முடியாமல் நின்றாள்.

அடுத்த முறை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னாள். “மாத்திரை சாப்பிட்டா எனக்கு எழுத வராது மேடம். அதான் நிறுத்துனேன்.”

“நிறுத்துனப்ப வந்துச்சா?”

“வரல.”

“மாத்திரைக்கு முன்னாடி, அந்த மூணு மாசம்?”

“அப்பவும் வரல.”

“அப்ப மாத்திரை மேல ஏம்மா பழி போடுறீங்க?”

அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்தால் பெஞ்சில் பாத்திமா டீச்சர். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரமில்லை, நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்.

“என்ன அல்போன்சா, இங்க?”

“கண்ணுல கொஞ்சம் கோளாறு டீச்சர். நீங்க?”

“எனக்குப் பல்லு.”

கதவுக்கு மேலே மனநலப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு அல்போன்சா சிரித்தாள். போன தடவை கீரை ஆய்ந்த பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்க்க, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். கேண்டீனில் டீ குடித்துக்கொண்டு டீச்சர் தன் கதையைச் சொன்னார். வகுப்பில் பாடம் நடத்தும்போதே நெஞ்சு படபடத்து, சாகப்போகிறோம் என்று தோன்றுமாம். நாலு வருடமாக யாருக்கும் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறாராம். “என் வீட்டுக்காரருக்குக்கூட பிரஷர் மாத்திரைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

அல்போன்சாவின் ரகசியம் அவ்வளவு நாள் தாங்கவில்லை. வண்டியின் இன்சூரன்ஸ் தாளைத் தேடிய ராயப்பராஜ் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு அகப்பட்டது. சாப்பாடு முடிந்து மகள் படிக்கப் போனதும் அதை எடுத்து முன்னால் வைத்தார்.

“கண்ணுக்குன்னு சொன்ன?”

அவள் தட்டுகளை அடுக்கினாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஜெபமாலைய எடுத்துக் குடுப்பீங்க.”

“குடுப்பேன்தான். அதோட வண்டியிலயும் ஏத்திக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல? ரெண்டு பஸ் மாறி ஒத்தையில போயிருக்க.” அதன் பின்னாலேயே உள்ளுக்குள் கிடந்த பயமும் வந்தது. “ஊருல தெரிஞ்சா என்ன பேசுவாங்க? நாளைக்கு நம்ம பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்...”

“அவ எட்டாவதுதாங்க படிக்கிறா.”

ராயப்பராஜ் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். அடுத்த முறை வண்டியில் கூட்டிப்போனார். மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. அதற்கடுத்த முறை ஆஸ்பத்திரி நடைக்கூடம் வரைக்கும் வந்தார். மூன்றாவது முறை டோக்கனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வரி திரும்பி வந்தது ஒரு சாதாரண நாளில். நாகல் நகரில் டீக்கடை திறக்கிற ஒருவர் திறப்பு விழா பேனருக்கு வந்தார். “எதாச்சும் ரெண்டு வார்த்தை போடுங்கம்மா” என்றார். ‘ஒரு டீ சொன்னா ரெண்டு கதை கேக்கலாம்’ என்று அடித்தாள். பெரிய வரி ஒன்றும் இல்லை. ஆனால் பழைய பேனரிலிருந்து எடுத்ததும் இல்லை. மெஹராஜ் அக்கா திரையைப் பார்த்துவிட்டு அவள் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

தை மாதம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. மேட்டுப்பட்டியில் பன்னிரண்டு வீட்டுக் கிறிஸ்தவர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். ஒவ்வொருவரும் தங்கள் வேண்டுதலைச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். அன்று ஒரு வீட்டுப் பையனின் விசாவுக்காக வேண்டினார்கள். ஆரோக்கியம்மாள் தன் மூட்டுவலிக்காக வேண்டிக்கொண்டார். அடுத்து அன்பியத் தலைவர் ஆரோக்கியதாஸின் முறை. அவருடைய சர்க்கரையை எல்லோருக்கும் தெரியும், மாதாமாதம் வருகிற வேண்டுதல். அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அல்போன்சா பேசிவிட்டாள். பேச வேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருக்கவில்லை. மூட்டுக்கு வேண்டுகிறார்கள், சர்க்கரைக்கு வேண்டுகிறார்கள், இதற்கு மட்டும் ஏன் கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது, அவ்வளவுதான்.

“எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கு. பெரியாஸ்பத்திரியில பாக்குறேன், தினமும் மாத்திரை சாப்புடுறேன். இப்ப பரவாயில்ல. முழுசும் குணமாகணும்னு எனக்காக வேண்டிக்கங்க.”

ஆரோக்கியதாஸ் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார், அதில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. ராயப்பராஜ் தரையைப் பார்த்தார். பாத்திமா டீச்சர் மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று அல்போன்சாவுக்கு முகம் எரிந்தது.

அப்போது ஒரு குரல் தனியாக, கொஞ்சம் கோபத்தோடு எழுந்தது. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” ஆரோக்கியம்மாள்தான். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாய் திறக்காதவர்களுக்காக இரண்டாம் முறையும் சொன்னார். இரண்டாம் முறைக்கு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஆரோக்கியதாஸ், “எனக்குச் சர்க்கரை முந்நூறத் தாண்டிருச்சு” என்று தொடங்க, கூட்டம் தன் வழிக்கு வந்தது.

சுண்டல் கொடுக்கையில் பாத்திமா டீச்சர் அவள் கையைப் பிடித்தார். “எனக்கு இன்னும் தைரியம் வரல அல்போன்சா.”

“வர்றப்ப வரட்டும் டீச்சர். சுண்டல் சாப்புடுங்க.”

மாமியார் அதன் பிறகு இரண்டு நாள் மருமகளோடு பேசவில்லை. சபையில் சொன்னதைத் தன்னிடம் முதலில் சொல்லவில்லை என்ற வருத்தம். மூன்றாம் நாள் காப்பியை நீட்டும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு, “மாத்திரை போட்டுட்டியா?” என்று கேட்டார். இப்போது அது தினசரிக் கேள்வி.

சொன்னதால் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. கோயிலில் பிள்ளைகளின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் படம் வரைந்து கொடுக்கும் பொறுப்பை, “நீ ரெஸ்ட் எடும்மா” என்று அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு உறவுக்காரர் கைப்பேசியில் கூப்பிட்டு, குடும்ப மானம் என்று ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே வைத்துவிட்டாள். இன்னொரு பக்கம், நகல் எடுக்க வருகிறவர்களில் சிலர் நகல் எடுத்த பிறகும் போகாமல் நின்றார்கள். ‘என் மச்சினனுக்கு’ என்றோ, ‘எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு’ என்றோ தொடங்குவார்கள். பாதிப் பேருக்கு அது தங்களுக்கேதான் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கிழமை போவது, எங்கே சீட்டுப் போடுவது, தான் போனபோது எப்படி இருந்தது என்பதைச் சொல்வாள். அதற்கு மேல் தனக்கும் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள் என்பாள். மனது கனக்கிற நாட்கள் அவளுக்கு இன்னும் வருகின்றன. அன்றைக்கு, “இன்னைக்கு எனக்கு ஓடாதுக்கா” என்று மெஹராஜ் அக்காவிடம் சொல்லிவிட்டு விசிட்டிங் கார்டு வெட்டுகிற வேலையை எடுத்துக்கொள்வாள்.

எழுதுகிற விதமும் மாறியது. முன்பு முகத்தைப் பார்த்ததும் எழுதிவிடுவாள். இப்போது அஞ்சலிக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, “அவரு எப்படிப்பட்டவரு?” என்று கேட்கிறாள். தெய்வம் என்பார்கள், தியாகி என்பார்கள். காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் ஆளைப் பற்றிச் சொல்வார்கள்.

பங்குனியில் கொடைரோட்டிலிருந்து ஒச்சாயி என்ற அம்மாள் வந்தார். ரயில்வே கேட்டில் வேலை பார்த்த கணவர் அய்யனார் இறந்து ஒரு வருடம். அல்போன்சா வழக்கம்போலக் கேட்டாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

“நல்ல மனுசன்தான் ஆத்தா. ஆனா கடேசி நாலு வருசம் யாருகூடயும் பேசல. சிரிக்கல. சுவத்தப் பாத்து உக்காந்திருப்பாரு. கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சொந்தக்காரவுக வர்றத நிறுத்திட்டாக. அது ஒரு சீக்குன்னு எனக்கு அப்ப யாரு சொன்னா? எல்லாரும் போடுறாப்புல, சிரித்த முகம்னு போட்டா ஊரு சிரிக்கும்.”

“அந்த நாலு வருசமும் நீங்க என்னம்மா பண்ணீங்க?”

“என்னத்தப் பண்ண? அவரு பேசாட்டி என்ன, நான் பேசுவேன். சோத்த வச்சுட்டுப் பக்கத்துல உக்காந்து அன்னைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஒரு நா நான் சொல்லாம விட்டா என் முகத்தப் பாப்பாரு.”

அல்போன்சா மூன்று தடவை அடித்து அழித்தாள். எதுகை வந்தது, அழித்தாள். ‘மௌனம்’ என்ற சொல் வந்தது, அதையும் அழித்தாள். கடைசியில் படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினாள்:

‘நீங்கள் பேசாத நாட்களிலும் நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.’

“இன்னொருக்கா படி ஆத்தா” என்றார் ஒச்சாயி.

அல்போன்சா மறுபடி படித்தாள். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். படம் சின்னதாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி அல்போன்சா படத்தைப் பெரிதாக்கினாள். அச்சுக்கு அனுப்புமுன், மேலே அவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.